மேல்கோட்டைத் தாண்டிய ஆயில்

கங்கம்மாளின் லைன் வீட்டில் பைக்குகளுக்குப் பஞ்சமில்லை. வல்லத்திலிருந்து ஒரகடம் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் ஒரு வண்டி நிற்கும். ஆனால் அந்த வண்டிகளுக்குள் இன்ஜின் ஆயில் என்று ஒன்று ஓடுகிறது என்பதை நினைத்துப் பார்க்கிற ஆள் அங்கே ஷெர்லின் ஒருத்திதான்.

அவளுக்கு அந்தப் பழக்கம் சும்மா வந்துவிடவில்லை. கல்யாணமான புதிதில் கணவன் கார்முகில் வைத்திருந்த வண்டி, படப்பை தாண்டி நடுரோட்டில் கத்திக்கொண்டு இறுகி நின்றது. மெக்கானிக் திறந்து பார்த்தபோது உள்ளே ஆயில் என்று சொல்ல ஒன்றுமில்லை, கறுப்பாகக் கொஞ்சம் பிசின் இருந்தது. அந்த வண்டி பழைய இரும்புக்குப் போனது. அடுத்ததாக வேலையிடத்துத் தோழி மஞ்சுளாவிடமிருந்து ஷெர்லின் தன் பேரிலேயே ஒரு பழைய கறுப்பு பைக் வாங்கினாள். வாங்கிய அன்றே, "இத நான்தான் பாத்துக்குவேன்" என்று சொல்லிவிட்டாள். கார்முகில் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். நாள் முழுக்க ஸ்டியரிங் பிடித்த கைக்கு இன்னொரு பொறுப்பு குறைந்தால் நல்லதுதானே என்று சந்தோஷமாகத் தலையாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைச் சிமென்ட் தரைக்குத் தள்ளி வந்து சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துவாள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றால் அளவு பொய் சொல்லும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்து, ஒரு டீ குடிக்கிற நேரம் காத்திருப்பாள், மேலே ஏறிய ஆயில் அடியில் இறங்கட்டும் என்று. பிறகு ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் குச்சியைத் திருகி எடுத்துத் துணியால் துடைத்து, மறுபடி திருகாமல் சும்மா உள்ளே வைத்து எடுத்துப் பார்ப்பாள். குச்சியின் முனையில் இரண்டு கோடுகள். ஆயில் அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். நின்றால் ஒரு வாரத்துக்குக் கவலையில்லை.

ஒரகடத்தில் கார் ஸ்டியரிங் ஷாஃப்ட் செய்கிற கம்பெனியில் அவளுக்குத் தரச்சோதனை வேலை. ஷாஃப்டை எடுப்பது, தடிமனை அளக்கும் கேஜுக்குள் விட்டுப் பார்ப்பது, பச்சைப் பெட்டியில் அல்லது சிவப்புப் பெட்டியில் போடுவது. கண்ணால் பார்த்ததைத் தயங்காமல் சொல்வாள் என்று சூப்பர்வைசருக்கே அவளிடம் ஒரு மரியாதை உண்டு. அந்தத் தைரியம் வீட்டிலும் தெருவிலும் அவளோடு கூடவே வந்தது.

இப்படிப்பட்டவள் ஒரு விஷயத்தில் சறுக்கினாள்.

பெட்ரோல் குறைய ஆரம்பித்தது. வழக்கமாக ஒரு வாரம் வருகிற டேங்க், வாரம் பாதி தாண்டுவதற்குள் ரிசர்வுக்கு வந்து நின்றது. முதலில் கணவனைத்தான் கேட்டாள்.

"இன்னா, எனக்குத் தெரியாம வண்டிய எடுத்துக்கினு எங்கனா போறியா?"

"நானா? பஸ்ஸ வுட்டு எறங்குனா நடக்கவே கால் வரல. வண்டி எடுத்துக்கினு எங்க போவப்போறேன்?"

அவன் முகத்தைப் பார்த்ததும் அது பொய்யில்லை என்று தெரிந்தது. இருந்தாலும் மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் அவள் வாய்விட்டுச் சொன்னாள், "நைட்டு நிறுத்துனா காலைல பெட்ரோல் கம்மியா கீது, என்னான்னே தெரில." அவள் சொன்னது அவ்வளவுதான். அந்தப் பேச்சு குடங்களோடு குடமாக எல்லா வீட்டுக்குள்ளும் போனது.

எதிர்வீட்டு மோகன் அதைப் பிடித்துக்கொண்டான். தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறவன், எதற்கும் ஒரு விளக்கம் கையில் வைத்திருப்பான். "என் வண்டிலயும் கொறையுதுக்கா. டேங்கு பூட்டித்தான கீதுன்னு நெனைக்காத. கீழ டேப்லருந்து டியூப உருவிட்டு பாட்டில புடிச்சா போதும். ரெண்டு நிமிசம்." அவனே திருடியதுபோல அவ்வளவு விவரமாகச் சொன்னான்.

வீட்டுக்காரம்மா கங்கம்மாளுக்கு இது மானப் பிரச்சினையாகிவிட்டது. அந்த வீடுகள் நின்ற இடம் ஒரு காலத்தில் அவளுடைய வேர்க்கடலைக் காடு. தன் காம்பவுண்டில் திருட்டு என்ற சொல் வந்ததும் ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று பார்க்க ஆரம்பித்தாள். கடைசி அறையில் காசிராஜன் இருந்தான். கோவில்பட்டிப் பக்கத்துப் பையன், வந்து அதிக நாளாகவில்லை. ரப்பர் கம்பெனியில் தொடர்ந்து நைட் ஷிப்ட். ஊரெல்லாம் தூங்கும்போது வருவான், போவான். பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவான். அவனும் ஒரு பழைய பைக் வைத்திருந்தான். அவனை இந்தப் பக்கத்துப் பங்க்கில் யாரும் பார்த்ததில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவன் கதவு திறந்திருந்தபோது சுவரில் ஆணியில் தொங்கிய பிளாஸ்டிக் டியூபைக் கங்கம்மாள் பார்த்துவிட்டாள்.

ஷெர்லின் வேலை முடிந்து வண்டியை நிறுத்தும்போது கடைசி அறை வாசலில் கூட்டம். டியூப் மோகன் கையில் இருந்தது.

"யம்மா, தண்ணி கேன்லேந்து குடத்துக்கு மாத்துததுக்கு வச்சிருக்கேன்," என்று காசிராஜன் சொல்லிக்கொண்டிருந்தான். தூக்கம் கலையாத முகம், ஷிப்டுக்குக் கிளம்ப ஒரு கையில் சட்டை. "கேனத் தூக்கிச் சாய்க்க முடியல்ல, தோள் வலிக்கு. வேணும்னா உள்ள வந்து பாருங்க."

மோகன் டியூபை மூக்கருகே கொண்டுபோனான். கண்ணை மூடி இழுத்தான். "வாசன கீது," என்றான்.

"எங்க, குடு." கங்கம்மாளும் முகர்ந்தாள். வாசனை வந்ததா இல்லையா என்று அவள் சொல்லவில்லை. ஆனால் முகம் மாறியது. ஷெர்லின் பக்கம் திரும்பினாள். "ஷெர்லினு, உன் வண்டிலதான மொதல்ல போச்சு? நீ சொல்லு."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். காசிராஜனும் பார்த்தான்.

"பெட்ரோல் போனது உண்மதான்," என்றாள் ஷெர்லின்.

அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னதில் பொய்யும் இல்லை. ஆனால் அந்த இடத்தில், அந்த நேரத்தில், அது தீர்ப்புபோல அவன் தலையில் இறங்கியது.

"நான் ஒங்க வண்டியத் தொட்டதே இல்லக்கா," என்றான் அவளிடம். மற்றவர்களிடம் பேசுவதை அத்தோடு நிறுத்திக்கொண்டான்.

மூன்றாவது அறை முத்துச்செல்வி, அவளும் தெற்கத்திக்காரிதான், "அவன் அப்படிப்பட்ட பய இல்ல, நல்லா விசாரிச்சுப் பேசுங்க" என்று முனகினாள். யாரும் காதில் வாங்கவில்லை. காலையில் ரூமைக் காலி பண்ணிவிட வேண்டும் என்று கங்கம்மாள் சொல்லிவிட்டாள். காசிராஜன் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

ஞாயிறு காலை ஷெர்லின் எழுந்து வெளியே வந்தபோது கடைசி அறை திறந்து கிடந்தது. உள்ளே பெருக்கிவிட்டிருந்தான். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவன் படுக்காமலே மூட்டையைக் கட்டிப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டதாக முத்துச்செல்வி சொன்னாள். "தண்டலத்துல ஒரு ஃப்ரெண்டு ரூமுக்குப் போறேன்னான். காலேஜுக்கு எதுக்க ஒரு டீக்கட இருக்காமே, அதுக்கு மாடில." சொல்லும்போது அவள் ஷெர்லினின் முகத்தைப் பார்க்கவில்லை.

 ஷெர்லின் வண்டியைத் தள்ளிக்கொண்டு சிமென்ட் தரைக்கு வந்தாள். போன ஞாயிறு ஓவர்டைம் வேலை இருந்ததால் ஆயில் பார்க்கவில்லை. இரண்டு நாளாக இன்ஜின் சத்தம் வேறு மாதிரி இருந்தது, பாத்திரக்கடையில் கரண்டி உருட்டுகிற மாதிரி. ஆயில் குறைந்திருக்கும், கொஞ்சம் ஊற்றலாம் என்று நினைத்துத்தான் குச்சியை எடுத்தாள்.

துடைத்தாள். வைத்தாள். எடுத்தாள்.

ஆயில் மேல்கோட்டைத் தாண்டி, குச்சியின் பாதிவரை நனைத்திருந்தது.

துடைத்து மறுபடி பார்த்தாள். அதே அளவு.

"யோவ், இங்க வா!" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். கார்முகில் பல் தேய்த்துக்கொண்டே வந்தான். "நீ ஆயில் ஊத்துனியா?"

"நீதான தொடாதன்ன. நான் எதுக்கு ஊத்தப்போறேன்?"

வாசலில் உட்கார்ந்திருந்த மோகன் எட்டிப் பார்த்தான். "ஆயில் ஜாஸ்தியாத்தான கீது? நல்லதுதானக்கா. கம்மியா இருந்தாத்தான் தப்பு."

ஷெர்லின் குச்சியையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஷாஃப்ட் தடிமன் குறைந்தாலும் சிவப்புப் பெட்டி, கூடினாலும் சிவப்புப் பெட்டி. கூடிப்போனதை யாரும் அவளிடம் நல்லது என்று விற்றுவிட முடியாது. இன்ஜின் ஆயில் குறையலாம், எரிந்து போகலாம், ஒழுகிப் போகலாம். தானாக ஊறாது. யாரும் ஊற்றாமல் அளவு ஏறுகிறது என்றால், வேறு ஏதோ ஒன்று உள்ளே போய்ச் சேருகிறது.

குச்சி முனையை விரலில் தொட்டுத் தேய்த்தாள். வழுவழுப்பே இல்லை. தண்ணீராக ஓடியது. மூக்கருகே கொண்டுபோனாள்.

பெட்ரோல்.

 கார்முகிலிடம் விரலை நீட்டினாள். அவனும் முகர்ந்து, வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டு அவளைப் பார்த்தான். இரண்டு பேர் மனத்திலும் ஒரே சமயத்தில் ஒரே நினைப்பு ஓடியது. டேங்கிலிருந்து காணாமல் போனது காம்பவுண்டை விட்டு எங்கேயும் போகவில்லை. வண்டிக்குள்ளேயே இருக்கிறது.

"எப்டி?" என்றான் அவன்.

"கார்புரேட்டர் வழியாத்தான் வரணும். வேற வழி ஏது?"

"அதுல ஒரு ஊசி கீதுல்ல, கிண்ணி ரொம்புனதும் பெட்ரோல அடைக்கிறது? அது சரியா மூடலன்னா ரொம்பி வழியும். ஆனா வழிஞ்சா அந்தச் சின்ன டியூப் வழியா தரைக்குத்தான வரணும்? தரைல ஒரு சொட்டு இல்லியே."

அது நியாயமான கேள்வி. ஷெர்லின் தரையில் கோணியை விரித்துப் படுத்து, கார்புரேட்டரிலிருந்து கீழே தொங்கிய ஓவர்ஃப்ளோ டியூபின் வாயைப் பார்த்தாள். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. டியூபின் வாய் முழுக்கச் செம்மண். உருட்டி உருட்டி அழகாகப் பூசி அடைத்து வைத்திருந்தது. குளவி கூடு கட்டியிருந்தது.

விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கு உருவி மண்ணைக் குத்தி எடுத்தாள். கடைசித் துண்டு விழுந்ததும் ஒரு சொட்டு வந்தது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு விடாமல் சொட்டிக்கொண்டே இருந்தது. சிமென்ட் தரையில் பெட்ரோல் ஈரமாகப் பரவியது.

டேங்க்குக் கீழே இருக்கிற பெட்ரோல் டேப்பை அவள் முன்பெல்லாம் வண்டி நிறுத்தியதும் மூடுவாள். திருகு இறுகிப்போனதிலிருந்து மூடுவதை விட்டுவிட்டாள். ஊசியில் ஏதோ தூசி மாட்டி அது மூடவில்லை. வழியப் பார்த்த பெட்ரோலுக்குக் குளவி வழியை அடைத்துவிட்டது. அதனால் ஒவ்வொரு ராத்திரியும் அது இன்ஜினுக்குள் இறங்கி ஆயிலோடு கலந்திருக்கிறது.

இதையெல்லாம் யோசித்து முடிப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"கங்கம்மாக்கா! முத்துச்செல்வி! எல்லாரும் கொஞ்சம் வாங்க!"

குரல் கேட்டு ஒவ்வொருவராக வந்தார்கள். மோகன் விரலிடுக்கில் சிகரெட்டோடு வந்தான். "மொதல்ல அத அணைடா, காம்பவுண்டே எரிஞ்சிடும்!" என்று ஷெர்லின் போட்ட சத்தத்தில் அவன் குழாயடிவரை ஓடிப்போய் நசுக்கிவிட்டு வந்தான். கார்முகில் பழைய பேசினை இன்ஜினுக்கு அடியில் வைத்தான். அவள் ஆயிலை வடிக்கிற டிரெய்ன் போல்ட்டைக் கழற்றினாள். கெட்டியாக, தயங்கித் தயங்கி இறங்க வேண்டிய ஆயில், ரசம்போலக் கொட்டியது. கொட்டி முடித்ததை ஒரு லிட்டர் பாட்டிலில் ஊற்றிக் காட்டினாள். பாட்டில் தளும்பியது. பேசினில் இன்னும் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

"இந்த இன்ஜினு ஒரு லிட்டர்தான் புடிக்கும்," என்றாள். "மிச்சம் கீது பாரு, அதான் காணாமப்போன பெட்ரோலு. யாரும் எடுக்கல. என் வண்டி என் பெட்ரோலக் குடிச்சிட்டுக் கீது. நான் நேத்து இதே எடத்துல நின்னு, போனது உண்மதான்னு சொன்னேன். அதுக்கு மேல ஒரு வார்த்த கேக்கல, யோசிக்கல. அந்தப் புள்ளய அனுப்பிட்டோம்."

கங்கம்மாள் குனிந்து பேசினைப் பார்த்தாள். டியூபிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். 

"அப்ப என் வண்டில போன பெட்ரோலு?" என்றான் மோகன், விடாமல்.

கதவு நிலையில் சாய்ந்து நின்ற அவன் மனைவி சசிகலா சொன்னாள், "நம்மளது எங்கயும் போவல. மணிமங்கலத்துக்குப் பொண்ணு பாக்குற விசயமா தம்பியக் கூட்டிக்கினு ரெண்டு தடவ போய்ட்டு வந்தியே, வண்டி இன்னா காத்துலயா ஓடுச்சு?"

யாரோ சிரித்தார்கள். ஷெர்லின் சிரிக்கவில்லை. அவளுக்கு அவசரம். டேப்பைப் பலங்கொண்டு திருகி மூடினாள். கார்புரேட்டரின் அடித் திருகைத் தளர்த்திக் கிண்ணியில் இருந்ததை வடித்து, டேப்பை ஒருமுறை திறந்து அலசிவிட்டாள். அதோடு கடுகில் பாதி அளவு துரு ஒன்று வெளியே வந்து விழுந்தது. திருகை இறுக்கிப் பார்த்தபோது சொட்டுவது நின்றுவிட்டது. நனைந்திருந்த பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். அடுத்த மாதம் மாற்றுவதற்கென்று வாங்கி வைத்திருந்த புது ஆயிலை ஊற்றி, வண்டியைக் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்தி, காத்திருந்து, குச்சியை வைத்துப் பார்த்தாள். தேன் நிறத்தில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது.

"தண்டலத்துக்கு நானும் வரட்டா?" என்றான் கார்முகில்.

"வாணாம். ஆரம்பிச்சது நான்."

கையைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவிக்கொண்டு கிளம்பினாள். வல்லம் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் வரை கம்பெனிச் சுவர்கள்தான். ஞாயிறு என்பதால் லாரிகள் ஓரங்கட்டி நின்றன. வண்டி இரண்டு நாளாகப் போட்ட கரண்டிச் சத்தத்தை மறந்து சீராக ஓடியது. நல்ல வேளை, உள்ளே எதுவும் தேயும் முன் பார்த்துவிட்டோம் என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதியே அவளுக்குக் கூச்சமாகவும் இருந்தது. இன்ஜினைப் பற்றி இத்தனை கவலைப்படுகிறவள், நேற்று அந்தப் பையன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றோமே என்று நினைத்தாள். சரி, நின்றாகிவிட்டது. இப்போது போகிறோம். சென்னை நெடுஞ்சாலையில் ஏறியதும் ஆக்ஸிலரேட்டரைத் திருகினாள்.

தண்டலத்தில் டீக்கடையைத் தேட வேண்டியிருக்கவில்லை. மூட்டை கட்டிய பைக் கடை வாசலில் நின்றது. காசிராஜன் பெஞ்சில் உட்கார்ந்து பன்னை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தான். நண்பன் ஷிப்டிலிருந்து வந்து ரூம் சாவி தருவதற்காகக் காத்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். பிறகு ஏன் எழுந்தோம் என்று நினைத்தவன்போல மறுபடி உட்கார்ந்தான்.

"இன்னும் என்னக்கா? மூட்டையப் பிரிச்சுப் பாக்கணுமா?"

"இல்ல தம்பி." அவள் பெஞ்சில் உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னாள். "பெட்ரோல யாரும் எடுக்கல. என் வண்டி கார்புரேட்டர்ல கோளாறு. ஆயிலோட கலந்துகினு இருந்திருக்கு. காலைலதான் பாத்தேன். நீ எடுக்கலன்னு நேத்தே சொன்ன. நான் கேட்டிருக்கணும். கேக்கல. என் தப்பு."

அவன் பன்னைத் தட்டில் வைத்தான். 

"ஒங்க வாயில இருந்து இது வந்ததே பெரிசு," என்றான். "ஆனா ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதிய. நேத்து எல்லாரும் என்னைய நிக்க வச்சுத்தான திருடன்னு சொன்னாவ? இப்ப நீங்க இங்கன தனியா வந்து, இல்லன்னு சொல்லுதிய. இது எப்படிச் சரியாவும்?"

"ஆவாது," என்றாள் உடனே. "அதுக்குத்தான் உன்னக் கூப்பிட வந்தேன். அங்க வா. நேத்து நின்ன எல்லாரும் அங்கதான் கீறாங்க. அவங்க எதிர்ல சொல்றேன். அவங்களும் சொல்லணும். அப்பறம் நீ அங்க இருக்கறதும் இல்லாததும் உன் இஷ்டம். திரும்ப இங்கயே வரேன்னா நான் தடுக்கமாட்டேன்."

"அந்தம்மா சொல்லுவாவளா?"

"சொல்லுவாங்க."

"நிச்சயமாவா?"

"சொல்லலன்னா நானும் அந்த வூட்டுல இருக்கமாட்டேன். காலி பண்ணிடுவேன்."

இதைச் சொல்ல வேண்டும் என்று அவள் கிளம்பும்போது நினைக்கவில்லை. வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு, அது சரி என்றும் பட்டது. காசிராஜன் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தான். மீதி பன்னை வாயில் போட்டு, டீயைக் குடித்து முடித்து, நண்பனுக்குப் போன் போட்டு அப்புறம் பேசுவதாகச் சொன்னான்.

இரண்டு வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் காம்பவுண்டுக்குள் நுழைந்தபோது பேசின் வைத்த இடத்திலேயே இருந்தது. கார்முகில் அதன்மேல் ஒரு பலகையை மூடிவிட்டு, பக்கத்தில் யாரும் தீக்குச்சி கிழிக்காதபடி காவல் உட்கார்ந்திருந்தான். ஷெர்லின் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே கதவுகள் திறந்தன. அவள் நடு முற்றத்தில் நின்று, காலையில் சொன்னதையே மறுபடி சொன்னாள். இந்த முறை மெதுவாக, ஒரு வார்த்தை விடாமல். காசிராஜன் தன் வண்டியிலிருந்து இறங்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

அவள் முடித்ததும் எல்லோரும் கங்கம்மாளைப் பார்த்தார்கள். அவளுக்கு இந்தக் காம்பவுண்டில் யாரிடமும் குரல் தாழ்த்திப் பழக்கமில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"தம்பி, நான் டியூப மோந்து பாத்தேன். ஒரு வாசனயும் வரல. வரலன்னு எனக்குத் தெரியும். ஆனா எல்லாரும் நின்னாங்க, நான் வீட்டுக்காரி, சொன்னத மாத்த மனசு வரல. தப்பு எம்மேலதான். மனசுல வச்சிக்காத. ரூமு உன்து."

யாரும் எதிர்பார்க்காத பேச்சு அது. ஷெர்லினே எதிர்பார்க்கவில்லை. மோகன் தலையைச் சொறிந்தான்.

"எனக்கு வந்த மாதிரிதான் இருந்துச்சுப்பா, நெஜமா," என்றான். "பெட்ரோல்னு நெனச்சுக்கினே மோந்தா பெட்ரோலாத்தான் தெரியுது. சாரிப்பா."

காசிராஜன் வண்டியை ஸ்டாண்டில் போட்டு இறங்கினான். அவன் கண் சிவந்திருந்தது. ராத்திரி முழுக்க வேலை, விடிந்ததிலிருந்து அலைச்சல், இடையில் இதெல்லாம்.

"இருக்கேன்," என்றான். "ஒங்களுக்காவ இல்ல. கம்பெனி இங்கனதான் கிட்ட. அதுக்காவ இருக்கேன்."

"எதுக்காவோ இரு," என்றாள் கங்கம்மாள்.

கார்முகில் எழுந்துபோய் மூட்டையின் கயிற்றை அவிழ்த்தான். முத்துச்செல்வி தோசை சுட்டு எடுத்து வந்தாள், காசிராஜன் வேண்டாம் என்றான், அவள் கேட்கவில்லை. ஷெர்லின் பேசினில் இருந்ததைப் பழைய கேனில் ஊற்றி மூடி, மெக்கானிக் கடைக்குக் கொண்டுபோக எடுத்து வைத்தாள். நாளைக்கே ஊசியையும் புதிதாக மாற்றிவிடச் சொல்ல வேண்டும், அலசியது எத்தனை நாள் தாங்கும் என்று நம்ப முடியாது. டேப்புக்கும் ஒரு வழி பண்ண வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் கடைசி அறைக் கதவு சாத்திக்கொண்டது. ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மோகன் கறி வாங்கப் பையோடு வந்து தன் வண்டியில் ஏறி உட்கார்ந்து கிக்கரில் காலை வைத்தான். குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்த கங்கம்மாள் நிமிர்ந்தாள்.

"டேய், தள்ளிக்கினு போய் ரோட்ல ஸ்டார்ட் பண்ணு. அந்தப் புள்ள தூங்குது."

மோகன் கிக்கரிலிருந்து காலை எடுத்தான். பிறகு இறங்கி, பையை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு, வண்டியைச் சத்தமில்லாமல் ரோடுவரை தள்ளிக்கொண்டு போனான்.